“ஆடியோ உடையுது ஓ.எம்.”: செட்டைப் பிரிப்பதா, வெளியே தேடுவதா?

காலையில் ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலியில்) 7 மெகா ஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும்போது, “சிக்னல் பிரமாதம், ஆனா ஆடியோ உடையுது ஓ.எம்.” என்று எதிர்முனையில் ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. (ஓ.எம். என்றால் ‘ஓல்ட் மேன்’, ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் விதம்.) உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடத் தோன்றும். இல்லையென்றால் செட்டை, அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டியை, துணியில் சுற்றிச் சென்னைக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். கையில் காசு புரண்டால் புது செட் வாங்கிவிடலாமா என்ற யோசனையும் வரும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் கடலோரத்தில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் கடைசியில் வர வேண்டிய யோசனைகள் என்பது என் உறுதியான கருத்து. இங்கே குரலைக் கெடுப்பது பெரும்பாலும் செட்டின் மூடிக்கு வெளியே இருக்கிறது. காசையும் நேரத்தையும் முதலில் அங்கேதான் செலவிட வேண்டும்.

இது வீட்டுக்குள் முடிகிற விஷயமும் இல்லை. நமக்கு 40 மீட்டர் பேண்டில் கிடைத்திருப்பது 7.000 முதல் 7.200 மெகா ஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 200 கிலோ ஹெர்ட்ஸ்தான். ஒரு சுத்தமான எஸ்.எஸ்.பி. (ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் முறை) குரலுக்கு இரண்டரை கிலோ ஹெர்ட்ஸ் அளவு இடம் போதும். உடைந்த குரல் இரண்டு பக்கமும் சிதறிப் பக்கத்தில் பேசுபவர்களையும் கெடுக்கும்.

கையில் இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். மைக் கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு), கம்ப்ரஸர் (மெல்லிய குரலைத் தூக்கிவிடும் சுற்று) போன்ற செட்டிங்குகளைத் திருத்துவது. ஆன்டெனா, கோஆக்ஸ் (செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்), எர்த் ஆகிய வெளி இணைப்புகளைச் சரிசெய்வது. பவர் சப்ளையும் அதன் வயரும். மைக். அப்புறம் மூடியைத் திறந்து நாமே கை வைப்பது, பழுதுபார்ப்பவரிடம் அனுப்புவது, வேறு செட்டுக்குப் போவது. இவற்றில் எதை எடுப்பது என்று ஊகத்தில் முடிவு செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு சோதனை பாதி வழிகளை அடைத்துவிடும்.

முதலில் டம்மி லோடு

டம்மி லோடு என்பது 50 ஓம் மின்தடை, அவ்வளவுதான். ஆன்டெனா இருக்கும் இடத்தில் அதை மாட்டினால் பவர் காற்றில் போகாமல் சூடாகத் தீர்ந்துவிடும். கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் 20 எடுத்துப் பேரலலாகச் சேர்த்தால் 50 ஓம், 40 வாட் வந்துவிடும். 100 வாட் செட்டில் சில விநாடி பேசிப் பார்க்க அது தாங்கும். விசில் அடித்துப் பிடித்து வைக்கக் கூடாது. கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், அது சுருளாக வேலை செய்துவிடும். குண்டு பல்பை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. பல்பு சூடாக ஆக அதன் மின்தடை மாறும், கொஞ்சம் பவரைக் காற்றிலும் விடும். அதில் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது.

லோடை மாட்டிவிட்டு, ஆன்டெனாவில் பேசும் அதே பவரில், அதே மைக்கில் பேசுங்கள். எஸ்.எஸ்.பி. கேட்கிற சிறு ரேடியோ ஒன்றை அடுத்த அறையில் வைத்து யாராவது பதிவு செய்யட்டும். அந்த ரேடியோவின் ஆன்டெனாவை மடக்கிவிடுங்கள், வெளிக்கம்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். இவ்வளவு பக்கத்தில் சிக்னல் அளவுக்கு மீறிப் போய், கேட்கிற ரேடியோவே திணறி, இல்லாத பழுதை இருப்பதாகக் காட்டும். செட்டில் மானிட்டர் வசதி இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். பல செட்களில் அது பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முந்தைய கட்டத்திலிருந்து எடுக்கப்படுவதால், கடைசிக் கட்டத்தில் நடப்பது அதில் கேட்காது.

லோடில் சுத்தம், ஆன்டெனாவில் அழுக்கு என்றால் செட்டின் மீது சந்தேகமே வேண்டாம். வெளியே போங்கள். லோடிலும் அழுக்கு என்றால் செட்டிங், மைக், பவர் சப்ளை, கடைசியாக செட்டின் உள்பக்கம். இந்தச் சோதனையைச் செய்யாமல் செட்டைப் பிரிப்பதையும், செய்யாமல் சென்னைக்கு அனுப்புவதையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

ஆன்டெனாவோடு உங்கள் குரல் எப்படிப் போகிறது என்று கேட்க இன்னொருவரின் பொறுமையைச் சோதிக்கத் தேவையில்லை. கிவி எஸ்.டி.ஆர். ரிசீவர்களைப் பலர் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் சிக்னல் எட்டும் ஒன்றைப் போனில் திறந்து பதிவு செய்து, பேசி முடித்த பிறகு கேளுங்கள். வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைப் படமாகக் காட்டும் திரையில்) உங்கள் சிக்னலின் அகலமும் தெரியும். அது இரண்டரை கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டி ஓரங்களில் பிசிறு தட்டினால், நண்பர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதைக் கண்ணால் பார்க்கலாம்.

செட்டிங்: காசில்லாத வழி, ஆனால் பாதியில் விடக் கூடாது

லோடிலும் அழுக்கு என்றால் முதலில் கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள். மைக் கெயினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பேசிக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் ஏ.எல்.சி. (பவர் மிஞ்சாமல் தானே அடக்கும் சுற்று) முள் அதன் எல்லைக்குள் அசைய வேண்டும். எல்லைக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தால் குரலின் முகடுகள் வெட்டுப்படுகின்றன என்று அர்த்தம்.

கடலோர வீட்டுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ஜன்னல் திறந்திருக்கும், காற்று நேராக மைக்கில் மோதும், அந்த “பொம் பொம்” சத்தத்துக்கு ஏ.எல்.சி. பதில் சொல்லிக் குரலை அமுக்கும். கேட்பவருக்குக் குரல் ஏறி இறங்குவதாகத் தெரியும். கம்ப்ரஸர் கூடுதலாக இருந்தால், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியில் மின்விசிறியும் அலையும் தூக்கலாகக் கேட்கும். ஜன்னலை மூடி, மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போட்டு, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தாலே தீர்ந்துபோகிற புகார்கள் உண்டு. தீரவில்லையென்றால் செட்டிங்கில் இனி ஒன்றும் இல்லை, மேலே நகருங்கள். மெனுவில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் எதை மாற்றினோம் என்பதும் மறந்துபோகும்.

இரண்டு மீட்டர் பேண்ட் எஃப்.எம்.மில் கதை வேறு. அங்கே ஏ.எல்.சி. கிடையாது, டீவியேஷன்தான் (குரலுக்கு ஏற்ப ஃப்ரீக்வென்சி ஆடும் அகலம்). ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) ஒரு அகலத்திலும் உங்கள் கைச்செட் வேறு அகலத்திலும் இருந்தால் உரக்கப் பேசும்போது வார்த்தை வெட்டுப்படும். மெனுவில் வைடு, நேரோ எதுவென்று பாருங்கள், மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். அநேகமாக அதோடு முடிந்துவிடும்.

வெளி இணைப்புகள்: இந்தக் கரையில் முதல் சந்தேகம்

ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் உப்புக்கு ஓய்வு கிடையாது. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் பக்கமிருந்து வரும், கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கமிருந்து வரும். இரண்டு பனைக்கு நடுவே 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு டைபோலை (நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனாவை) கட்டிவிட்டு, ஒரு வருஷம் கழித்து அதன் நடு இணைப்பை அவிழ்த்துப் பார்த்தால் தெரியும். பி.எல்.259 கனெக்டரின் வெளியுறை பளபளவென்றுதான் இருக்கும். திருகிக் கழற்றினால் உள்ளே பச்சைத் தூள். கோஆக்ஸின் மேல்தோலை ஒரு சாண் நீளத்துக்குச் சீவினால், செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய பின்னல் கம்பி கறுத்திருக்கும். விரலில் தேய்த்தால் கரி ஒட்டும். இன்னொரு சாண் சீவினாலும் கறுப்புதான், ஏனென்றால் ஈரம் பின்னலுக்குள்ளேயே ஊர்ந்து போகிறது. சால்டர் அதில் ஒட்டவே ஒட்டாது.

இந்த இணைப்பு மீட்டரில் “கன்டினியுட்டி” காட்டும். பவர் ஏறும்போதுதான் விட்டு விட்டுத் தொடும். குரலின் உச்சத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) தாவும், செட்டின் பாதுகாப்புச் சுற்று பவரைக் குறைக்கும், உச்சம் தணிந்ததும் பழையபடி ஏறும். எதிர்முனையில் கேட்பவருக்கு அதுதான் “உடையுது”. அதிகாலையில் மோசமாகவும் வெயில் ஏறியதும் சரியாகவும் இருந்தால், இன்சுலேட்டரில் படிந்த உப்பு பனியில் நனைந்து மின்சாரம் கடத்துகிறது என்று சந்தேகப்படுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி விடுவதே மருந்து.

இதற்கு அரைகுறை வைத்தியம் வேண்டாம். கறுத்த கோஆக்ஸைச் செம்பு தெரியும் வரை வெட்டிவிடுங்கள். முழுக்கக் கறுப்பு என்றால் கேபிளையே மாற்றுங்கள். புது கனெக்டரைத் திருகோடு விடாமல் பின்னலையும் சால்டர் செய்யுங்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண பி.வி.சி. டேப், கீழிருந்து மேலாக. ரப்பர் டேப் கிடைக்காத ஊரில் சைக்கிள் ட்யூப் கீற்றும் எம்-சீலும் நன்றாகவே தாங்கும். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலைக்கு நிகராக வேறு எந்த வழியும் இந்தக் கரையில் பலன் தராது.

இணைப்பெல்லாம் நன்றாக இருந்தும் ஆன்டெனாவில் மட்டும் குரல் கரகரத்தால், பவர் திரும்பி வீட்டுக்குள் வருகிறது. டைபோலுக்குப் போக வேண்டிய ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) கோஆக்ஸின் வெளித்தோல் வழியாக இறங்கி, செட்டின் உடலிலும் மைக் வயரிலும் ஏறி, மைக் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்துவிடும். அறிகுறிகள் தெளிவானவை: ஒரு பேண்டில் சுத்தம், இன்னொன்றில் அழுக்கு, பவரை 20 வாட்டுக்கு இறக்கினால் சரியாகிவிடும், மைக் வயரைக் கையால் பிடித்தால் குரல் மாறும், சில நேரம் உதட்டில் சுருக்கென்று சுடும்.

கீழக்கரையில் நண்பர் ஒருவர் மாடி அறையில் செட் வைத்திருந்தார். 7 மெகா ஹெர்ட்ஸில் நல்ல குரல், 14-ல் ஒரு வார்த்தையும் புரியாது. எர்த் சரியில்லை என்று நினைத்து, மாடியிலிருந்து தரைக்கு நல்ல தடித்த வயராக இறக்கினார். இன்னும் மோசமானது. 14.2 மெகா ஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறக்குறைய 5.3 மீட்டர். மாடியிலிருந்து இறங்கும் எர்த் வயரும் கிட்டத்தட்ட அதே நீளம். தரையில் புதைத்த முனை எர்த் என்றால், கால் அலைநீளம் தள்ளி மேலே இருக்கும் முனை ஆர்.எஃப். கணக்கில் எர்த்தே இல்லை, அங்கேதான் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். எர்த் வயர் உயிருக்குப் பாதுகாப்பு, மின்னலுக்கும் வேண்டும், எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் மாடி வீட்டில் குரல் கோளாறுக்கு அது மருந்தாகாது.

மருந்து சோக், அதாவது கோஆக்ஸின் வெளித்தோலில் ஓடும் ஆர்.எஃப்.ஐத் தடுக்கும் சுருள். ஆன்டெனாவின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று கரன்ட் பேலன், அல்லது 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸையே 10 முதல் 12 சுற்று. இரண்டரை அங்குலத்துக்கு நெருங்கிய பெரிய வளையம் என்றால் ஆர்.ஜி.58 வசதியாகச் சுற்றும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூள் வகை, இந்த வேலைக்கு உதவாது. பழைய மானிட்டர் கேபிளில் இருக்கும் கிளிப் ஃபெரைட்டும் ஒரே தடவை வயர் நுழைந்தால் 7 மெகா ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஆனால் தடுப்பு சுற்றுகளின் வர்க்கமாக ஏறும். மைக் வயரை அதற்குள் 5 சுற்று விட்டால் 25 மடங்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு “ஃபெரைட்டெல்லாம் சும்மா” என்று சொல்பவர்கள் நிறைய.

மைக் பிளக்குக்குள் மைக் வயருக்கும் மைக் கிரவுண்டுக்கும் குறுக்கே 1000 பிகோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றையும் வைக்கலாம். 7 மெகா ஹெர்ட்ஸுக்கு அது 23 ஓம் அளவுக்குத் தாழ்ந்த வழி, ஆர்.எஃப். அதில் இறங்கிவிடும். 3 கிலோ ஹெர்ட்ஸ் குரலுக்கோ 53 கிலோ ஓம், குரலை அது தொடவே தொடாது.

எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் கேபிள் இணையும்) ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே பனையில் கட்டிவிடலாம் என்பதால் இங்கே பலருக்கும் அது பிடிக்கும். ஆனால் அதற்கு எதிர்க்கம்பி (ஆன்டெனாவுக்கு மறுபாதியாக நிற்கும் கம்பி) இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளித்தோலே எதிர்க்கம்பியாகி, செட் வரைக்கும் ஆர்.எஃப். வந்துவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலிருந்து 2 மீட்டர் எதிர்க்கம்பி ஒன்று, அதைத் தாண்டிக் கோஆக்ஸில் ஒரு சோக். இரண்டும் வைத்த பிறகும் அடங்காவிட்டால், டைபோலுக்கே திரும்புங்கள் என்பேன்.

பவர் சப்ளை: கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம்

100 வாட் செட் குரலின் உச்சத்தில் 20 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லி மீட்டர் வயரில் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று வைத்தால் வயரிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும். பேட்டரி 12.2 காட்டும்போது செட்டுக்குக் கிடைப்பது 11.4. பெரும்பாலான செட்கள் 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கூடக் குறையத்தான் தாங்கும், அதாவது கீழ் எல்லை 11.7. அதற்குக் கீழே முகடு மழுங்கும், சில செட்களில் ஃப்ரீக்வென்சியே ஆடும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லி மீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். ஃபியூஸ் ஹோல்டரின் பித்தளைக் கவ்வியில் பச்சை பிடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண், அங்கேயே ஒரு வோல்ட் போய்விடும். அளக்கும்போது மீட்டரை சப்ளையில் வைக்காதீர்கள். செட்டின் பின்பக்க பிளக்கில் வைத்து, நீளமாக “ஆ” என்று சொல்லிக்கொண்டே பாருங்கள்.

லைன் வோல்டேஜ் சாயங்காலம் இறங்கும் ஊர்களில் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் சப்ளைகள் ரெகுலேஷனை (வோல்டேஜை நிலையாக வைக்கும் திறனை) இழக்கும். குரலுக்கு அடியில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் இதுதான், அல்லது அதன் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றிவிட்டது. மோர்ஸ் அனுப்புபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் தெரியும். ரிப்போர்ட்டின் மூன்றாவது இலக்கம் (ஒலியின் தூய்மையைச் சொல்வது, 9 என்றால் சுத்தம்) 9-லிருந்து இறங்கும், அல்லது ஒவ்வொரு டேஷும் “கீச்” என்று வழுக்கும். வழுக்கினால் வோல்டேஜ் விழுகிறது, வயரைத்தான் முதலில் பாருங்கள்.

மைக்

உப்புக் காற்றில் எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல் (மைக்குக்குள் குரலை வாங்கும் சிறு வில்லை) மெல்ல மெல்லச் செவிடாகும். நாம் கெயினை ஏற்றிக்கொண்டே போவோம், ஒரு கட்டத்தில் காற்றும் கரகரப்பும்தான் மிஞ்சும். கேப்ஸ்யூல் விலை சொற்பம், மாற்றுவது எளிது. வேறொரு மைக்கை மாட்டிப் பார்த்து ஒப்பிடுவதுதான் சரியான சோதனை. ஆனால் அவசரத்தில் ஐகாம் செட்டில் கென்வுட் மைக்கை மாட்டிவிடாதீர்கள். எட்டுப் பின் வட்ட பிளக் இரண்டிலும் ஒன்றாகவே பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறு. ஐகாமில் 2-ம் பின்னில் 8 வோல்ட் வருகிறது, கென்வுட்டில் அதே பின் பி.டி.டி., அதாவது பேச அழுத்தும் பொத்தானுக்கானது. அதோடு, ஐகாமின் மைக் பின்னிலேயே எலெக்ட்ரெட்டுக்கான டி.சி. இருப்பதால், டைனமிக் மைக் மாட்டுபவர்கள் நடுவே ஒரு கெபாசிட்டர் போட்டாக வேண்டும். போடாவிட்டால் நல்ல மைக்கிலும் குரல் கெடும்.

மூடியைத் திறப்பது

இதுவரை சொன்ன எதிலும் அகப்படாமல், லோடிலும் அழுக்காகவே இருந்தால் மூடியைத் திறக்கலாம். முதல் வேலை சுத்தம் செய்வதுதான். விசிறி உள்ளே இழுத்துப் போட்ட உப்புத்தூசியை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, போர்டுகளுக்கு நடுவே ஓடும் ஃப்ளாட் கேபிள்களைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி மாட்டுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதற்கு மேல் போவதா வேண்டாமா என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. குரல் மூக்கால் பேசுவது போல் மெலிந்து, கேட்கும்போதும் மற்றவர்கள் குரல் அதே மாதிரி மெலிந்திருந்தால், அதுவும் எல்.எஸ்.பி.யில் (கீழ்ப் பக்கப் பட்டை) மெலிந்து யு.எஸ்.பி.யில் (மேல் பக்கப் பட்டை) தடித்திருந்தால், கேரியர் (குரலைச் சுமக்கும் அலை) ஃப்ரீக்வென்சி கிறிஸ்டல் ஃபில்டரின் ஓரத்திலிருந்து நகர்ந்துவிட்டது. பல செட்களில் அனுப்பவும் கேட்கவும் ஒரே ஃபில்டர் என்பதால்தான் இரண்டிலும் தெரிகிறது. 200 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே போதும், அடிக்குரல் காணாமல் போகும். “ந” எழுத்தின் உயிர் 300 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் “நூறு” என்று சொன்னது எதிர்முனையில் “ஊறு” என்றோ “ஆறு” என்றோ விழும். புயல் நேரத்தில் படகு எண்ணிக்கை சொல்லும்போது இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள். சர்வீஸ் மேனுவலும் ஃப்ரீக்வென்சி கவுண்டரும் இருந்தால் இதை வீட்டிலேயே திருத்தலாம். இரண்டும் இல்லாமல் உள்ளே இருக்கும் ட்ரிம்மரை (அளவைத் திருத்தும் சிறு திருகை) காதை நம்பித் திருகுவது வேண்டாம்.

இன்னொன்று, கடைசிக் கட்ட ட்ரான்சிஸ்டர்களின் பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் அவற்றில் ஓடவிடும் சிறு கரன்ட். போன் ஆப்பில் 700, 1900 ஹெர்ட்ஸ் இரண்டு டோன்களையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு மைக் முன்னால் வைத்து, டம்மி லோடின் குறுக்கே தகுந்த அட்டெனுவேட்டர் வழியாக ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் இரட்டை முடிச்சு வடிவம் வரும். மேல்பக்கம் தட்டையானால் ஓவர் டிரைவ். முடிச்சு விழும் நடுப்பகுதி கூர்மையாக வெட்டாமல் மழுங்கியிருந்தால் பயாஸ் குறைவு. ஸ்கோப் உள்ள நண்பர் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள். பயாஸை அதிகமாக ஏற்றிவிட்டால் ட்ரான்சிஸ்டர் போய்விடும், மாற்றாக வாங்கும் ஆர்.எஃப். ட்ரான்சிஸ்டர்களிலோ போலிகள் ஏராளம். வால்வு உள்ள பழைய செட்டென்றால் உள்ளே பல நூறு வோல்ட் நிற்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்கவே கூடாது.

அனுப்புவதா, வேறு செட்டா

இந்த முடிவை விலை பார்த்து எடுப்பவர்கள்தான் அதிகம். நான் மாதத்தைப் பார்க்கச் சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் செட் வீட்டில் இல்லாமல் இருக்கக் கூடாது. 1964 டிசம்பரில் புயலில் தனுஷ்கோடி போனது இந்தப் பருவத்தில்தான். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்துப் பேச வந்திருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோவில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. சுமாரான குரலோடு வீட்டில் இருக்கும் செட், நல்ல குரலோடு திரும்பி வரக் காத்திருக்கும் செட்டைவிட அந்த மாதங்களில் மேல். அனுப்புவதை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் பவரைக் குறைத்து, கம்ப்ரஸர் இல்லாமல், நிதானமாகப் பேசினால் பெரும்பாலான கோளாறுகள் தாங்கக்கூடியவையாகிவிடும். கரன்ட் போன பிறகு பேட்டரியில்தான் பேசப் போகிறோம் என்பதால், மழைக்கு முன்பே பேட்டரியில் ஓட்டி ஒரு ஆடியோ ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள். மெயின்ஸில் நன்றாக இருந்த குரல் பேட்டரியில் உடையலாம்.

புது செட் வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு டம்மி லோடு சோதனைதான் பதில். கோளாறு கோஆக்ஸில் இருந்தால் அதே ஆர்.எஃப். புது செட்டின் மைக்கிலும் ஏறும். செகண்ட்ஹேண்டில் பெரிய செட் வாங்குவது எனக்கு அதைவிடத் தயக்கம். வேறொரு வீட்டின் உப்பையும் சேர்த்து வாங்குகிறோம்.

அந்தக் காசில் ஒரு பகுதிக்கே கிடைக்கும் வேறு வழி ஒன்று இருக்கிறது, நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை செட்டை இரண்டாவதாக வைத்துக்கொள்வது. பிட்எக்ஸ் 40 ஏறக்குறைய 7 வாட்தான். 100 வாட்டோடு ஒப்பிட்டால் 11.5 டெசிபல், அதாவது எஸ் மீட்டரில் (சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில்) ஏறக்குறைய இரண்டு புள்ளி குறைவு. பகல் நேரத்தில் தாழக் கட்டிய டைபோலில் தமிழ்நாட்டுக்குள் பேச அது பெரும்பாலும் போதும். சுற்று வரைபடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, கடைசிக் கட்டத்தில் இருப்பது எளிதில் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப்.510 ட்ரான்சிஸ்டர். குரல் கெட்டால் எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று நாமே தேடிப் பிடிக்கலாம். ஏ.எல்.சி. இல்லை என்பதால் கத்திப் பேசினால் முகடு வெட்டும், அதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். பெரிய செட்டை நிம்மதியாக அனுப்பிவைக்க இந்தச் சின்ன செட் துணையிருக்கும்.

அனுப்புவது என்று முடிவாகிவிட்டால், கூரியரைவிட ராமேஸ்வரம் – சென்னை இரவு ரயிலில் கையோடு கொண்டுபோவது மேல். செட்டோடு மைக்கையும் டி.சி. வயரையும் கட்டாயம் கொடுங்கள். மைக் இல்லாமல் போன செட், வேறு மைக்கில் நன்றாகப் பேசி, “பழுது ஒன்றும் இல்லை” என்ற சீட்டோடு திரும்பி வரும். டம்மி லோடில் பதிவு செய்த குரலை போனில் அனுப்பிவிட்டு, ஒரு தாளில் இவற்றையும் எழுதி வையுங்கள்: எந்தப் பேண்டில், எத்தனை வாட்டில், எல்.எஸ்.பி.யிலா யு.எஸ்.பி.யிலா, செட்டின் பிளக்கில் பேசும்போது எத்தனை வோல்ட், கேட்கும்போதும் குரல் மாறியிருக்கிறதா. நீங்கள் கை வைத்த ட்ரிம்மர் ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.